கதகதப்பா? பயணமா?

காருக்குள் கதகதப்பு வேண்டுமா? ஊர் போய்ச் சேர வேண்டுமா? நார்வே நாட்டில் பனிக்காலம் வந்தால் பலருக்கு இந்தக் கேள்விதான். அங்கு 2024-ம் ஆண்டு விற்ற புதிய கார்களில் 100-க்கு சுமார் 89 மின்சார கார்கள்!

பெட்ரோல் காரில் என்ஜின் சூடே உள்ளே கதகதப்பு தரும். தனிச் செலவு இல்லை. மின்சார காரில் பேட்டரிதான் அதையும் தர வேண்டும். ஹீட்டர் ஓட ஓட, போகும் தூரம் குறையும்.

ஆகவே, புறப்படுமுன் வீட்டு மின்சாரத்தில் கார் மாட்டியிருக்கும்போதே செல்போன் மூலம் ஹீட்டரைப் போட்டுவிடுகிறார்கள். காபி குடித்துவிட்டு வந்தால் கண்ணாடிப் பனியும் உருகியிருக்கும். பேட்டரிக்கு நஷ்டம் இல்லை.

வழியில் பேட்டரி இறங்கினால்? ஹீட்டரைத் தணித்து, இருக்கையைச் சூடாக்கும் சுவிட்சைப் போடலாம். காற்றைச் சூடாக்குவதைவிட முதுகைச் சூடாக்க மிகக் குறைந்த மின்சாரமே போதும்.

பின்னால் கைக்குழந்தை இருந்தால் இந்தச் சிக்கனம் உதவாது. ஹீட்டரைப் போடத்தான் வேண்டும்.