மடிக்கணனியை மேசைக்கணனியாக்க ‘டொக்’ தேவையா?

என் தோளில் இன்னமும் செல் துண்டு இருக்கிறது. மடிக்கணனிக்கு மேல் குனிந்து ஒரு மணித்தியாலம் தட்டச்சுச் செய்தால் கை விறைத்துவிடும். அதனால் அதை மேசைக்கணனிபோல மாற்றினேன்: கண்மட்டத்தில் ஒரு பழைய திரை, எச்.டி.எம்.ஐ. வயர், தனி விசைப்பலகை, மவுஸ்.

டொக்கிங் ஸ்டேஷனும் வேண்டும் என்றார் கடைக்காரர். நான் வாங்கவில்லை. திரை, மின், யு.எஸ்.பி. இணைப்புகளை ஒரே வயருக்குள் கொண்டுவருவதுதான் அதன் வேலை. அது கணனியின் வேகத்தைக் கூட்டாது. தினமும் கணனியைக் கழற்றிக்கொண்டு வேலைக்குப் போவோருக்கு அது உதவும். அவர்களும் வாங்குமுன், தங்கள் கணனியின் யு.எஸ்.பி.-சி இணைப்பு திரைக்கும் படம் அனுப்புமா என்று பார்க்கவேண்டும். எல்லாம் அனுப்பாது.

மின்வெட்டிலும் எழுதியதை மடிக்கணனியின் பற்றரி காப்பாற்றுகிறது. டொக்குக்கான காசில் நல்ல கதிரை வாங்கினேன். கை விறைப்பது குறைந்திருக்கிறது.