மருதம் திரிந்தால்..?

'தமிழ்நாட்டுக் கிராமத்தை அச்சு அசலாகக் காட்டிய படம் எது?' என்று எங்கள் கம்பெனி பஸ்ஸில் கேட்டுப் பாருங்கள். பின் சீட்டிலிருந்து ஒரே குரலில் பதில் வரும்: '16 வயதினிலே' (1977). பாரதிராஜா காமிராவை ஸ்டூடியோவிலிருந்து இழுத்து வந்து மண்ணில் வைத்த படம். ரொம்ப சரி. ஆனால், அந்த மண் கர்நாடக மண் ஸார்! மைசூர், கொள்ளேகால் பக்கம் எடுத்தது.

'ரோஜா'வின் (1992) காஷ்மீரும் அப்படித்தான். அங்கே துப்பாக்கிச் சத்தம் ஓயாத நேரம். மணாலி காஷ்மீராக நடித்துக் கொடுத்தது. யார் கேட்டார்கள்? பனி பனிதானே!

மனசில் நிலம் வரைவதில் நமக்கு 2000 வருஷ சர்வீஸ். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல். பாலைக்கு மட்டும் சொந்த நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வளம் கெட்டால் அதுதான் பாலை என்கிறது சிலப்பதிகாரம்.

அப்படியானால் நான் தினம் வேலைக்குப் போகும் ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் எந்தத் திணை? ஏரிப் பாசனம், நெல்... சந்தேகமில்லாமல் மருதம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ கார் உருள ஆரம்பித்தது. 2006-ல் வந்த நோக்கியா 2014-ல் பூட்டிக்கொண்டு போனது. ஒரகடத்தில் இப்போது லாரியும் புல்லட்டும் விளைகின்றன. மருதம் திரிந்தால் என்ன பெயர் என்று இளங்கோவடிகள் சொல்லவில்லை.

சினிமாவும் சொல்லவில்லை. மதுரை, தேனி, வடசென்னை எல்லாம் அலுக்க அலுக்கப் பார்த்தாச்சு. எங்கள் பக்கம் வரும் காமிரா மட்டும் செம்பரம்பாக்கத்தோடு நின்றுவிடுகிறது. அங்கே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் 'காலா'வுக்காக (2018) மும்பை தாராவியையே செட் போட்டார்கள். இன்னும் அரை மணி நேரம் வந்திருந்தால், செட்டே வேண்டாம்! வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். நைட் ஷிப்ட் முடிந்து, கழுத்தில் ஐ.டி. கார்டோடு, பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே போகிற பெண்களை எந்தக் கதாநாயகன் பார்த்திருக்கிறான்?

எங்கள் கேட்டில் ஒரு செக்யூரிட்டிப் பெரியவர். "தம்பி, நீ பஸ்ஸை விட்டு எறங்குறியே, அங்கதான் எங்க கழனி. கேண்டீன் இருக்குல்ல... அது நெல்லு அடிக்கிற களம்" என்பார், ஏதோ வழி சொல்கிற மாதிரி.

போன வாரம் அந்தக் கேண்டீன் டி.வி.யில் ஒரு பாட்டு. பச்சைப் பசேலென்று வயல், வரப்பில் ஹீரோயின் ஓட்டம். டீ வாங்க வந்தவர் நின்று பார்த்தார்.

"இது எந்த ஊர் தம்பி?"

"பொள்ளாச்சியா இருக்கும் ஐயா."

ஹீரோயினை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"தண்ணி நல்லா பாயுது" என்றார்.