காப்புறுதிச் சேவைக்கும் அளவுகோல் உண்டு

1965-ஆம் ஆண்டு வரை நம் நாட்டு ரப்பரைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தார்கள். ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பார்கள். பார்த்தவர் சொன்னதே தீர்ப்பு. அவ்வாண்டில் எஸ்.எம்.ஆர். எனும் மலேசியத் தர ரப்பர் திட்டம் வந்தது. எஸ்.எம்.ஆர். 5 என்றால் நூறு பங்கில் அழுக்கு 0.05 பங்குக்கு மேல் இருத்தலாகாது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே கோலால் அளக்கலாயினர்.

இதனை நினைவூட்டக் காரணமுண்டு. மோட்டார் சைக்கிள் காப்புறுதியை இன்று கைப்பேசியிலேயே புதுப்பித்து விடுகிறோம். ஆனால் எந்த நிறுவனத்தின் இணையச் சேவை நல்லது என்பதை மட்டும் இன்னும் கண்ணால் பார்த்தே முடிவு செய்கிறோம். பக்கம் அழகாயிருக்கிறது, சந்தா ஐந்து வெள்ளி குறைவு; அவ்வளவே!

2005-இல் பரசுராமன், ஸைத்தமல், மல்ஹோத்ரா எனும் அறிஞர் மூவர் இணையச் சேவையை அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். வேண்டியது எளிதில் கிட்டுகிறதா, சொன்னது சொன்னபடி நடக்கிறதா, தளம் தடையின்றி இயங்குகிறதா, நம் விவரங்கள் காக்கப்படுகின்றனவா என நான்கு கூறுகள். சிக்கல் நேர்ந்தால் மேலும் மூன்று: விரைந்து கவனிக்கிறார்களா, இழப்பை ஈடு செய்கிறார்களா, பேசுவதற்கு ஓர் ஆள் கிடைக்கிறாரா. இவற்றில் தான் பெறும் மதிப்பை, துறையில் சிறந்து நிற்பவரின் மதிப்போடு ஒரு நிறுவனம் ஒப்பிட்டுத் தன் குறையை அறிவதே தர ஒப்பீடு.

எங்கள் கருத்தில், பிந்திய மூன்றே நமக்கு முதன்மையானவை. பணம் கட்டும் பக்கம் எந்த நிறுவனத்திலும் நன்றாகவே ஓடும். அது அவர்கள் பிழைப்பு. விபத்து நடந்த இரவில் என்ன ஆகிறது? 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். நிறுவனத்துக்கும் செய்தி தர வேண்டும். பாரமும் படங்களும் அனுப்ப வேண்டும். தோட்டத்திலோ மேட்டில் ஏறினால்தான் கைப்பேசிக்கு அலை கிட்டும். பாதியில் அறுந்தால், நிரப்பியது அப்படியே நிற்குமா, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? பட்டணத்து அலுவலகத்தில் அமர்ந்து சோதிப்பவருக்கு இக்குறை தென்படாது.

ஆகவே, பணம் கட்டுமுன் இழப்பீட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அவர்கள் தரும் எண்ணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் பாருங்கள்; யார் எடுக்கிறார், நமக்குப் புரியும் மொழியில் பேசுகிறாரா என்பதைக் கவனியுங்கள். பின்னர் இழப்பீட்டில் பிணக்கு ஏற்படுமானால், முதலில் நிறுவனத்திடமே எழுத்து மூலம் முறையிட வேண்டும். அதிலும் தீராவிடில், 2025 ஜனவரி முதல் இயங்கிவரும் எஃப்.எம்.ஓ.எஸ். எனும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பை நாடலாம். நீங்கள் அனுப்பியதையும், அனுப்பிய நாளையும், வந்த பதிலையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருங்கள். அங்கே அவை தேவைப்படும்.