வேலையும் ஒரு மருந்துதான்!

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் திடீரென்று தனக்குத்தானே பேச ஆரம்பித்தால் என்ன நடக்கும்? "அவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்பார்கள். முதலில் வேலை போகும். அப்புறம் வீட்டிலும் ஒதுக்கிவிடுவார்கள்.

இந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர் டாக்டர் சாரதா மேனன். 1923-ல் மங்களூரில் பிறந்தவர். சென்னையில் டாக்டருக்குப் படித்தவர். இந்தியாவின் முதல் பெண் மனநல டாக்டர் என்று பெயர் எடுத்தவர். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பில் 1961 முதல் 1978 வரை இருந்தார்.

மாத்திரை கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது. குணமானவருக்குக் கையில் ஒரு தொழில் வேணும், வீட்டாரின் ஆதரவும் வேணும். இதுதான் அவரது வைத்திய முறை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகள் தொழில் பழக ஏற்பாடு செய்தார். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2021 டிசம்பரில், 98-வது வயதில் காலமானார்.

உங்கள் பட்டறையில், உங்கள் தெருவில் அப்படி யாராவது உண்டா? மந்திரித்துக் கயிறு கட்டியே நாளைக் கடத்தாதீர்கள். அரசின் 'டெலி மானஸ்' எண் 14416-க்கு போன் போட்டால், இரவு பகல் எந்நேரமும் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். குணமாகி வந்தவருக்குப் பழைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள். பாதி நோய் அதிலேயே பறந்துவிடும்!