முன்கவையில் கசியும் எண்ணெய்

பழைய மோட்டார் சைக்கிளின் முன்சில்லை ஏந்திநிற்கும் குழாய்களில் எண்ணெய் படிந்திருப்பதைக் கண்டும், துணியால் துடைத்துவிட்டு அமைந்துவிடுவோர் பலர். எண்ணெய் சிறிதுதானே, வண்டியும் ஓடுகின்றதே என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணெய் எங்கே போகின்றது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. குழாய்வழியே இறங்கி அது முன் பிறேக்கை அடையக்கூடும். பிறேக்கின் தேய்பட்டை எண்ணெயை உறிஞ்சிவிட்டால் பிடி தளர்ந்துவிடும். விரைந்து செல்லும் வண்டியை நிறுத்துவதிற் பெரும்பங்கு முன் பிறேக்கினுடையது. ஆதலால், குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும் கணத்திற்றான் அக்கசிவின் பெறுமதி தெரியவரும்.

இக்குழாய்த் தொகுதியைத் திருத்துநர் 'போர்க்' என்பர். இருகாலாய்ப் பிரிந்து நிற்பதால் முன்கவை எனலாம். கவை என்பது கிளை பிரியுமிடத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். ஒவ்வொரு காலிலும் குரோமியம் பூசிய உருக்குக் குழாயொன்று, அகன்ற வெளிக்குழாயினுள் ஏறியிறங்கும். உள்ளே சுருள்வில்லும் எண்ணெயும் இருக்கும். வில் பாரத்தைத் தாங்கும். எண்ணெயோ சிறு துளைகளூடாக நெருக்குண்டு பாய்வதால் வில்லின் துள்ளலை அடக்கும். 1935 இல் ஜெர்மனியின் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர் 12 என்னும் வண்டியில் இவ்வமைப்பைப் பொருத்தியது; பின்னர் அஃது உலகெங்கும் பரவிற்று. வெளிக்குழாயின் வாயில் எண்ணெயைத் தடுத்து நிற்பது ஓர் இறப்பர் வளையம். அதுவே ஒயில் சீல். அதன் மெல்லிய உதட்டை நுண்ணிய வில்லொன்று உட்குழாயோடு அணைத்துப் பிடித்திருக்கும்.

எண்ணெய் கசிந்தால் குற்றம் சீலினுடையதென்றே பெரும்பாலோர் கொள்வர். புதியதை வாங்கிப் பொருத்துவர். ஒரு மாதத்தில் அதுவுங் கசிய, விற்ற கடைக்காரரை நொந்துகொள்வர். நெடுநாள் ஓடாது நின்ற வண்டியில் இறப்பர் காய்ந்து விறைத்துப் போவது உண்மையே. எனினும், பல வேளைகளில் உண்மைக் குற்றவாளி குழாய்தான். பருத்தித்துறை, மன்னார், மட்டக்களப்பு போன்ற கடற்காற்று வீசும் ஊர்களில் உப்பீரம் குரோமியத்தின் நுண்வெடிப்பிற் புகுந்து அடியிலுள்ள உருக்கைத் துருப்பிடிக்கச் செய்யும். ஊசிமுனையளவு குழிகள் தோன்றும். குழாய் ஏறியிறங்கும் ஒவ்வொரு தடவையும் அக்குழியின் விளிம்பு அரம்போல நின்று சீலின் உதட்டை அராவும். இந்நிலையில் எத்தனை சீல் மாற்றினும் பயனில்லை.

எனவே, முதலிற் குழாயைத் துடைத்து, விரல்நகத்தை அதன்மேல் மெல்ல இழுத்துப் பார்த்தல் வேண்டும். நகம் தடைப்படுமிடமே குழியுள்ள இடம். சீல் உரசிச்செல்லும் பகுதியிற் குழி இல்லையாயின் கவலை குறைவு. உதட்டினடியில் மணல் சிக்கியிருப்பதாலும் எண்ணெய் கசிவதுண்டு. பழைய எக்ஸ்றேப் படத்திலிருந்து ஒரு கீற்றை வெட்டி, உதட்டினடியிற் செருகிச் சுற்றிவர இழுத்தால் மணல் வெளிவரும். இதனாற் கசிவு நின்றுவிட்டால் வண்டியைக் கழற்றவே தேவையில்லை.

கழற்றவேண்டி வந்தால், எஞ்சினின் கீழ் உறுதியான மரக்குற்றியை வைத்து, முன்சில்லு நிலத்தில் முட்டாதபடி வண்டியை நிறுத்துக. பல பழைய ஜப்பானிய வண்டிகளில் வெளிக்குழாயின் அடியில் அறுகோணக் குழியுடைய திருகாணியொன்று உண்டு. மேல்மூடியைத் திறப்பதற்கு முன்னரே அதனைத் தளர்த்திவிடல் நன்று. வில்லின் அழுத்தம் இருக்கும்வரை உள்ளிருக்கும் தண்டு கூடவே சுழலாது. இதனை அறியாதார் அரைநாளை வீணாக்குவர். மேல்மூடியைத் திறக்கையில் வில் உந்தித் தள்ளும், முகத்தை விலக்கிக்கொள்க. இரு கால்களையும் ஒருங்கே பிரித்துப்போடாது ஒவ்வொன்றாய்ச் செய்தால், மற்றையது மாதிரியாய் நிற்கும். வடிக்கும் எண்ணெயைப் போத்தலில் அடைத்துவைக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றிய எண்ணெய் கிணற்று நீரைச் சென்றடைய வல்லது.

வெளிக்குழாயின் வாயிலுள்ள தூசுமூடியையும் கம்பி வளையத்தையும் அகற்றியபின் பழைய சீலை நெம்பி எடுக்கலாம். வெளிக்குழாயின் உட்சுவர் மென்மையான அலுமினியமாதலாற் கீறல் விழாது காத்தல் முக்கியம். சீலின் முகத்தில் 31, 43, 10 என்றவாறு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவை உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகியவற்றின் மில்லிமீற்றர் அளவுகள். உட்குழாயைக் கண்ணாடித் தட்டொன்றில் உருட்டினால் வளைவு புலப்படும். வளைந்த குழாயைப் பாவித்தலாகாது. சிறுகுழிகளின் விளிம்பை 1000ஆம் இலக்கத்திலும் நுண்ணிய உரைதாளை நனைத்து, குழாயைச் சுற்றித் தேய்த்து மட்டமாக்கலாம். நெடுக்காகத் தேய்த்தால் அக்கீறல்களே எண்ணெய்க்கு வாய்க்காலாகிவிடும். ஆழமான குழிகளுக்கு மறுபடி குரோமியம் பூசுவதோ வேறு குழாய் பெறுவதோதான் வழி. 2020 மார்ச் முதற் சில ஆண்டுகள் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபோது, பழைய வண்டியைப் பேணவேண்டிய கட்டாயத்தால் இத்தகைய வேலைகளைப் பலர் கற்றுக்கொண்டனர்.

புதிய சீலின் உதட்டிற்குக் கிறீஸ் தடவி, உட்குழாயின் நுனியை மெல்லிய பொலித்தீன் பையாற் போர்த்திய பின்னரே சீலை அதன்மேல் இறக்கவேண்டும்; இன்றேல் கூரிய விளிம்பு உதட்டைக் கிழித்துவிடும். வில் தெரியும் பக்கம் கீழ்நோக்க, எண்கள் மேல்நோக்க வேண்டும். பழைய சீலை அதன்மேல் வைத்து, பொருந்திய அளவுள்ள பீ.வீ.சீ. குழாயினாற் சீராகத் தட்டுக. கம்பி வளையத்துக்குரிய பள்ளம் முழுதும் தெரியுமட்டும் அது கீழிறங்க வேண்டும்.

எண்ணெய் அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். 125 சீ.சீ. வண்டிகள் பலவற்றில் ஒரு காலுக்கு 200 மில்லிலீற்றருக்கும் குறைவே தேவை. முற்றாகக் கழற்றிய காலுக்கும் வெறுமனே வடித்த காலுக்கும் கைநூலில் வெவ்வேறு அளவு தந்திருப்பர். இரு கால்களுக்கும் அளவு ஒத்திருத்தல் வேண்டும். சில்லைப் பூட்டியபின், அச்சை இறுக்குமுன், முன் பிறேக்கைப் பிடித்துக் கவையைச் சிலமுறை அழுத்திவிட்டால் இரு கால்களும் நேராக அமையும். எண்ணெய் ஊறிய தேய்பட்டையைப் பெற்றோலிற் கழுவி மீண்டும் பூட்டுவது சிக்கனமன்று, புதியதே பூட்டவேண்டும். முதல் ஓட்டத்தின்பின் குழாயில் மெல்லிய வளையமாய்த் தெரியும் ஈரம் தடவிய கிறீஸாக இருக்கலாம். துடைத்துவிட்டு, மறுநாள் மீண்டும் பார்க்க.