உப்புக் காற்றும் புல்லட் யந்திரமும்

நொச்சிக்குப்பத்தில் சமுத்திர ராஜன் இரண்டு விதமாகப் படியளக்கிறான். வலை வைத்திருப்பவனுக்கு மீன். இரும்பு வைத்திருப்பவனுக்குத் துரு. கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே கடலை ஒட்டியிருக்கும் இந்தக் குப்பத்தில், வாசற்கதவின் தாழ்ப்பாள் முதல் படகு மோட்டாரின் திருகு வரையில் எதுவும் அந்தக் காற்றுக்குத் தப்புவதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில், தகப்பனார் ஓட்டிய பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று சில மழைக் காலங்கள் ஓடாமல் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். உதைத்தால் கிக்கர் இறங்காது. பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். "காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்று யோசனை சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்கவேண்டாம் என்பதே நமது கட்சி.

இதற்குப் பாசம் மட்டும் காரணமல்ல. அந்த வண்டிக்குச் சரித்திரம் உண்டு. புல்லட் பிறந்தது இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்னும் ஊரில். 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரும் சீமைக் கம்பெனியாரும் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை ஸ்தாபித்தார்கள். திருவொற்றியூரில் வேலை தொடங்கியது. கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டுவதுதான் ஆரம்பத்தில் வேலை. 1957-இல் பாகங்களைச் செய்யும் கருவிகளே விலைக்கு வந்தன. 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. சீமைக் கம்பெனியோ 1970-ஐ ஒட்டி மூடப்பட்டுவிட்டது. 1977-இல் நமது புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கிற்று! இதை எழுதும்போது பேனா சற்று நிமிர்ந்துதான் நிற்கிறது.

அந்த வார்ப்பிரும்புச் சிலிண்டர் யந்திரம், பெரிய மாறுதல் இல்லாமல் 2010-ஐ ஒட்டிய காலம் வரையில் இங்கே உற்பத்தியாகி வந்தது. ஆகையால்தான் ஒரு வருஷத்து வண்டியின் பாகம் மற்றொரு வருஷத்து வண்டிக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது. கூவம் கரையிலுள்ள புதுப்பேட்டைக் கடைகளில் பொறுமையாகத் தேடுகிறவனுக்குக் கிடைக்கும் அனுகூலம் இது.

ஆனால் தேடப் புறப்படுமுன், கையில் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கவேண்டும். துருவானது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். பிஸ்டன் இறுகுவதற்கு அதுவும் ஒரு காரணம். சுத்தியலால் அடித்தால் பிஸ்டன் உடையும்; துரு நகராது. ப்ளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிடவேண்டும். அலுமினியம் சூட்டில் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். எனவே, அலுமினிய உறையைச் சூடாக்கினால் அதில் பிடித்திருந்த எஃகு பேரிங் தானாக வழிவிடும்.

கழற்றிய இரும்புப் பாகங்களைச் சலவைச் சோடா கரைத்த நீரில் அமிழ்த்தி, பாட்டரியின் எதிர்முனையை அவற்றுடனும், நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டுடனும் இணைத்தால், துரு இளகிப் போகும். அப்போது ஹைட்ரஜன் வாயு எழும்பும்; திறந்த வெளியில்தான் செய்யவேண்டும், பக்கத்தில் பீடி கூடாது. அலுமினியப் பாகங்களை இந்தத் தொட்டியில் போட்டால் அவையே கரைந்துவிடும். லேசான துருவுக்குப் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கும் புளியே போதும். கடற்கரை வாசிகள் மறக்கக் கூடாத ஒன்று: உப்பு, துருக்குழிகளுக்குள் ஒளிந்திருக்கும். அதை நல்ல தண்ணீரில் பல தடவை கழுவிப் போக்காமல் எண்ணெய் பூசினால், உள்ளேயே தின்றுகொண்டிருக்கும். படகு மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல.

எதையும் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பதும் பிசகு. குழி விழுந்த கிராங்க் பின்னைத் தயங்காமல் தள்ளிவிடவேண்டும். அதன்மேல்தான் பாரமெல்லாம் சுழல்கிறது. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் குழி ஆழமில்லை என்றால், லேத்துப் பட்டறையில் சற்றுக் கடைந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கோ 40 பங்கோ பெரிதான பிஸ்டனைப் போடலாம்.

எண் பொறித்த எஞ்சின் உறையை மட்டும் என்ன ஆனாலும் எறியக் கூடாது. 50 வயது கடந்த வண்டிகளைப் புராதன வண்டிகளாகப் பதிவு செய்துகொள்ள மத்திய அரசு 2021-இல் விதி வகுத்தது. சட்டத்திலோ எஞ்சினிலோ பெரிய மாறுதல் செய்யாமல் அசல் வடிவில் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது என்பதும் உண்மையே. புதுப்பேட்டையில் பளபளப்பான வேறோர் உறை மலிவாகக் கிடைக்கலாம். ரசீதில்லாத அந்த எண் யாருடைய வண்டியினுடையதோ, யார் கண்டது? தகப்பனாரின் எண் அதில் இராது.

எல்லாம் பூட்டியானபின் உடனே கிளப்ப அவசரப்படவேண்டாம். எண்ணெய் ஊற்றி, ப்ளக்கைப் பூட்டாமல் மெதுவாகப் பல தடவை உதைத்து, வால்வுகளின் மூடிவரையில் எண்ணெய் ஏறிவந்ததைக் கண்ணால் கண்ட பிறகே ப்ளக்கைப் பூட்டவேண்டும்.