நிலக்காட்சிப் படமும் நிறத் தேர்வும்

நிலத்தைப் பற்றிப் பேச முற்பட்ட பழந்தமிழ் இலக்கணத்தார் நிலத்தை மட்டும் தனித்தெடுத்துக் கூறினாரல்லர். பொழுதையும் அதனோடு சேர்த்தே முதற்பொருள் என வகுத்தனர். ஒரே மலை வைகறையில் ஒன்றாகவும் நண்பகலில் வேறொன்றாகவும் தோன்றும் என்பதை உணர்ந்தோர் செய்த பகுப்பு அது. நிலக்காட்சியை நிழற்படமாக்குவோரும் இவ்விரண்டையுமே கையாளுகின்றனர். அவர்தம் கருவி பற்றுவது நிலத்தையன்று, அந்நிலத்தின்மேல் அப்பொழுது வீழ்ந்த ஒளியையே. அவ்வொளியைக் கறுப்பு வெள்ளையிற் பதிவதா, வண்ணத்திற் பதிவதா என்னும் வினா பெரும்பாலும் அழகு பற்றிய விருப்பு வெறுப்பாகவே பேசப்படுகின்றது. ஆயின் அத்தேர்வினால் ஒரு காட்சியிற் சில பொருள்கள் தோன்றுகின்றன, சில மறைகின்றன. இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவ மாகாணத்தின் தோட்டப்புறங்கள் இதனை விளக்குதற்கு மிகவும் ஏற்றவை.

முதற்கண் ஒன்று தெளிவுபெறல் வேண்டும். கறுப்பு வெள்ளைப் படம் என்பது நிறங்களை நீக்கிய படமன்று. நிறங்களைச் சாம்பலின் படிகளாக மாற்றிய படமாகும். அம்மாற்றம் எல்லாக் காலத்திலும் ஒரே வகையாக நிகழ்ந்ததில்லை. வெள்ளி உப்புப் பூசிய பழைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தன. சிவப்பை அவை உணரவில்லை. அதனால் நீலவானம் வெளிறி வெற்றிடமாயிற்று. பச்சிலை கருமை கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன், ஸ்கோவன் ஆகியோரின் நிறுவனங்கள் இலங்கையின் மலைகளையும் தோட்டங்களையும் படம்பிடித்தன. அக்காலத்து நிலக்காட்சிப் படங்கள் பலவற்றில் முகிலே காணப்படாமைக்குக் காரணம் அன்று முகில் இல்லாமையன்று, தகட்டின் இயல்பே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்த பின்னரே இக்குறை நீங்கிற்று. அதன்பின், வில்லைக்கு முன் மஞ்சட் கண்ணாடி பொருத்தின் நீலவானம் இருண்டு வெண்முகில் எழுந்து தோன்றும். செங்கண்ணாடி பொருத்தின் வானம் மேலும் இருளும். பச்சைக் கண்ணாடி பொருத்தின் இலைகள் ஒளிபெறும். படம்பிடிப்போன் மொழிபெயர்ப்பாளனின் பொறுப்பை ஏற்றது இங்ஙனமே.

எந்த மொழிபெயர்ப்பிலும் இழப்பு உண்டு. அவ்விழப்பு எவ்வாறு நேர்கின்றது என்பதை ஓர் எளிய கணக்கினாற் காட்டலாம். டிஜிற்றல் கமெரா ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றையும் 0 முதல் 255 வரையான எண்களாற் குறிக்கின்றது. அவற்றைச் சாம்பலாக மாற்றும் வழக்கமான முறையொன்றில், மனிதக் கண்ணின் இயல்பைத் தழுவிச் சிவப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கும், பச்சையில் 59 பங்கும், நீலத்தில் 11 பங்கும் எடுத்துக் கூட்டப்படும். தேயிலைச் செடியின் கடும்பச்சை 100 எனக் கொள்வோமாயின், சாம்பலில் அது 59 ஆகும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் சிவப்புச் சேலை 200 எனக் கொள்வோமாயின், அது 60 ஆகும். கண்ணுக்கு எதிரெதிரான இரு நிறங்கள் படத்தில் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. மலைச்சரிவின் நடுவே தீச்சுடர்போல் நின்ற பெண் செடிக்குள் மறைந்துபோகின்றாள். அவளுடைய கூடையும் முகமுமே எஞ்சும். எனவே, பொருள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது ஒளியா, நிறமா என்பதே தேர்வுக்குரிய முதல் வினாவாகும்.

ஒளியே பிரித்துக் காட்டும் காட்சிக்குச் சிவனொளிபாதமலையினும் சிறந்த சான்று இப்பகுதியில் இல்லை. 2,243 மீற்றர் உயர்ந்த அம்மலையின் உச்சியில் வைகறையில் நிற்போர் கிழக்கே ஞாயிறு எழுதலைக் கண்டபின் மேற்கே திரும்புவர். இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத்தின்மேலும் பனிப்படலத்தின்மேலும் மலையின் நிழல் முக்கோணமாக வீழ்ந்து கிடக்கும். அக்காட்சியின் உயிர் நிழலும் ஒளியும் ஆகிய இரண்டே. அடுக்கடுக்காக நிற்கும் மலைத்தொடர்களில் அண்மையிலுள்ளது கருமையாகவும், சேய்மையிலுள்ளது வெளிறியும் தோன்றுதல் இடையிலுள்ள காற்றின் ஈரத்தால் விளைவது. இவ்வேறுபாட்டைக் காட்டுதற்குச் சாம்பலின் படிகளே போதும். பசில் ரைற் இயக்கி 1934இல் வெளிவந்த ‘சோங் ஒஃப் சிலோன்’ என்னும் ஆவணப்படம் கறுப்பு வெள்ளையில் ஆனது. இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் ஆதரவில் உருவான அப்படத்தின் முதற்பகுதி, இம்மலைக்கு ஏறும் யாத்திரிகரைக் காட்டுகின்றது. அதில் உரை படித்தவர் இலங்கையின் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் லயனல் வென்ற். ஒளியும் இருளும் மாறிமாறி வரும் மலையேற்றத்தை அப்படத்திற் காண்போர் நிறமின்மையைக் குறையாக உணர்வதில்லை.

இறப்பர்த் தோட்டம் இரண்டு பக்கத்துக்கும் சான்றாகும். விடியலிற் பால் வெட்டும் வேளையில் மரவரிசைகளின் ஊடே ஒளி குறைவு. சாய்வாகக் கீறிய பட்டை, கீற்றின் வழியே வடியும் வெண்பால், அதனை ஏந்தும் சிரட்டை, வரிசை வரிசையாக உள்ளோடி மறையும் மரங்கள் ஆகிய யாவும் கோடும் வடிவுமாகவே அமைந்தவை. கறுப்பு வெள்ளையில் அவை வலுப்பெறும். ஆனால் தை, மாசி மாதங்களில் அதே மரங்கள் இலையுதிர்க்கும். உதிருமுன் இலைகள் மஞ்சளும் செம்மையும் கொள்ளும். பின்னர்ச் செம்பு நிறத் தளிர் தோன்றும். ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கும் நாட்டிலே பருவத்தின் மாற்றத்தை மரமே அறிவிக்கும் சில நாள்கள் அவை. அச்செய்தி முற்றிலும் நிறத்தினுள் அடங்கியது. சாம்பலாக்கின் அது அழியும். ஆகவே, தேயிலைக்கு வண்ணம், இறப்பருக்குக் கறுப்பு வெள்ளை எனப் பொருளை நோக்கி விதி வகுத்தல் பொருந்தாது. பொழுதையும் நோக்குதல் வேண்டும்.

இம்மாகாணத்தின் நிலத்தை உலகெங்கும் வண்ணத்திற் கொண்டுசென்ற படம் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ ஆகும். டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த அப்படத்தின் பாலம் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையிற் களனியாற்றின்மேல் அமைக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் ஜாக் ஹில்ட்யார்ட் அதற்காக ஒஸ்கார் விருது பெற்றார். அடர்ந்த காட்டின் பச்சையிலிருந்து புதுமரத்தின் நிறத்தையும், வெளிறிய காக்கியையும், வெயிலிற் காய்ந்த உடல்களையும் பிரித்துக் காட்டுதல் அக்கதைக்கு இன்றியமையாதது. வண்ணம் அங்கே அலங்காரமன்று. காட்சியைப் புரியவைக்கும் கருவியாயிற்று. எனினும் திரையிற் கண்ட அப்பச்சை நிலம் கதையில் வேறொரு நாடு. நிறம் உண்மையாயிருந்தும் நிலத்தின் பெயர் மாறியது. வண்ணத்தில் உள்ளதெல்லாம் மெய் என்று நம்புவோருக்கு இஃது ஓர் எச்சரிக்கை.

அழகின் எல்லையைக் கடந்து உயிரைப் பற்றியதாக இத்தேர்வு மாறும் இடமும் உண்டு. இரத்தினபுரி ஆண்டுதோறும் 3,500 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழையைப் பெறுவது. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்தபோது, இறந்தோரும் காணாமற்போனோரும் நூற்றுக்கு மேற்பட்டனர். அதே நாளிற் புளத்கொகுபிட்டியத் தோட்டமொன்றில் லயன் வீடுகள் மண்ணுட் புதைந்தன. மண்சரிவுக்கு முன்னறிகுறிகளாகக் கூறப்படுவன சில. நிலத்திலும் சுவரிலும் வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல் என்பன வடிவு பற்றியவை. பக்கவாட்டு ஒளியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அவற்றைத் தெளிவாகவே காட்டும். ஆனால் தெளிந்த ஊற்று திடீரெனச் செம்மண் கலங்கி ஓடுதல், பச்சைச் சரிவிற் புதிய செம்மண் திட்டு வெளிப்படுதல் என்பன நிறம் பற்றியவை. மேற்கூறிய கணக்கின்படி மழையில் நனைந்த செம்மண்ணும் பச்சிலையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாதல் கூடும். லயத்துக்கு மேலுள்ள சரிவைப் படமெடுத்து அதிகாரிகளிடம் காட்ட முற்படும் தோட்டத்தவர் ஒருவருக்கு வண்ணப் படமே சாட்சியாகும். நீலக்கல்லை நிறம் பாராது வாங்குவார் இரத்தினபுரியில் இல்லை. தாம் வாழும் மலையையும் மக்கள் அவ்வாறே பார்த்தல் தகும்.

தோட்ட மக்களைக் கொண்ட நிலக்காட்சியில் இன்னுமொரு நுட்பம் அடங்கியுள்ளது. கறுப்பு வெள்ளை, காண்போர் மனத்திற் பழமையைத் தோற்றுவிப்பது. இன்று வாழும் குடும்பத்தின் லயத்தை அம்முறையிற் பதியும்போது, ஒழுகும் கூரையும் புகைபடிந்த சுவரும் என்றோ முடிந்துபோன துயரமாகத் தோன்றிவிடலாம். காண்போர் பெருமூச்சுவிட்டு அகல்வர். இன்று செய்யவேண்டியது யாது என வினவார். மறுபுறம், சுற்றுலா விளம்பரத்துக்கென நிறத்தை மிகுத்த வண்ணப் படமோ தேயிலை மலையைப் பச்சைக் கம்பளமாக்கி, அதன் மடியிலுள்ள லயத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகின்றது. முன்னது நிகழ்காலத்தை இறந்தகாலமாக்குகின்றது. பின்னது உழைப்பை அழகாக்கி உழைப்பாளரை மறைக்கின்றது. இவ்விரு குற்றமும் நிறத்தினால் ஆவனவல்ல. நிறத்தைத் தேர்ந்தோனின் கவனக்குறைவால் ஆவன.

நிலைபேறு பற்றியும் ஒரு சொல் வேண்டும். வெள்ளியால் ஆன பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் முறையாகக் கழுவப்பட்டிருப்பின் நெடுங்காலம் நிற்பன. வண்ணப் படங்களோ சாயத்தால் ஆனவை. 1970களில் எடுத்துச் சுவரில் மாட்டிய குடும்பப் படங்கள் பல இன்று செந்நிறம் படிந்து காணப்படுதற்குக் காரணம், ஏனைய சாயங்களிலும் விரைவாக நீலப்பச்சைச் சாயம் மங்கியமையே. சப்பிரகமுவவின் ஈரம் எவ்வகைப் படத்திலும் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். காற்றுப்புகாப் பெட்டியிற் சிலிக்கா ஜெல் இட்டுப் பேணுதல் நன்று. டிஜிற்றல் கமெராவில் மூலத்தை வண்ணத்திலேயே வைத்துக்கொண்டு பின்னர்ச் சாம்பலாக்கலாம். சிவப்பின் பங்கைக் கூட்டிக் கொழுந்து பறிப்பவளைச் செடியினின்றும் பிரித்துக் காட்டவும் இயலும். சாம்பலாக மட்டும் சேமித்த படத்திலிருந்து நிறத்தை மீட்டெடுத்தல் இயலாது. ஆயினும், பின்னர்த் தீர்மானிக்கலாம் என்னும் வசதி முன்னர்ச் சிந்தியாமைக்குச் சாட்டாகாது. ஒளியின் திசையும் நிற்கும் இடமும் தேர்வுக்கேற்ப மாறுவன. அவை படம்பிடிக்கும் கணத்திலேயே முடிவாகின்றன.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், கறுப்பு வெள்ளையும் வண்ணமும் உயர்வு தாழ்வுடையன அல்ல என்பதாம். காட்சியின் பொருள் ஒளியிலும் வடிவிலும் தங்கியிருப்பின் கறுப்பு வெள்ளை அதனைச் செம்மையுறக் காட்டும். நிறத்தில் தங்கியிருப்பின் வண்ணமே வேண்டும். அந்நிலத்தில் வாழ்வோரின் பாதுகாப்பு அப்படத்தைச் சார்ந்திருப்பின் ஐயத்துக்கு இடமின்றி வண்ணத்தையே கொள்ளல் வேண்டும். நிலத்தையும் பொழுதையும் நோக்கியபின், அந்நிலத்து மக்களையும் நோக்கிச் செய்யப்படும் தேர்வே முறையான தேர்வு எனப்படும்.